அருகில் இருப்பவர்

நுழையும்முன்

கல்லூரியில் இடம் கிடைப்பது ஒன்று. அவ்விடம் தனக்கு உரியது என்று உணர்வது வேறொன்று. முதலாவதை மதிப்பெண்ணும் விண்ணப்பமும் முடிவு செய்கின்றன. இரண்டாவதை முடிவு செய்வது எது? அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று இவ்வினாவை எதிர்கொண்ட வரலாறு இது.

முதல் நாள் எச்சரிக்கை

புதுமுக மாணவரை ஓர் அரங்கில் அமர்த்தி, தமக்கு இடப்புறம் இருப்பவரையும் வலப்புறம் இருப்பவரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுமாறு சொல்வது அமெரிக்கக் கல்லூரிகளில் நெடுங்காலம் இருந்துவந்த வழக்கம். மாணவர்கள் பார்த்து முடித்ததும், இம்மூவருள் ஒருவர் பட்டம் பெறாமலே வெளியேறிவிடுவார் என்று அறிவிப்பார்கள். அதில் எச்சரிக்கையும் இருந்தது. சற்றே பெருமிதமும் இருந்தது. உதிர்ந்து போவோர் மிகுதியாக இருப்பதே படிப்பின் தரத்திற்குச் சான்று என்று பேராசிரியர் பலர் கருதினர். அறிவியல், பொறியியல் துறைகளில் இந்த எண்ணம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருந்தது.

மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்திற்கு 1992 முதல் 2022 வரை தலைவராக இருந்தவர் ஃபிரீமன் ரபௌஸ்கி. கணிதம் பயின்றவர். அவரும் புதுமுக மாணவரைத் தம் இருபுறமும் பார்க்கச் சொன்னார். ஆனால், சொல்லி முடித்த விதம் வேறு. மூவரும் பட்டம் பெற வேண்டும் என்பதே இந்நிறுவனத்தின் நோக்கம். ஒருவர் தவறினாலும் அது நிறுவனத்தின் தோல்வி என்றார். மாணவரை எடைபோட்ட தராசில் நிறுவனத்தையும் ஏற்றிய சொல் அது. மேடையில் இவ்வாறு பேசுவது எளிது. அச்சொல்லைக் காப்பாற்ற வகுப்பறை, ஆய்வகம், விடுதி, தேர்வு முறை ஆகியவற்றில் என்னென்ன மாற வேண்டியிருந்தது என்பதே அறிய வேண்டிய செய்தி.

பன்னிரண்டு வயதுச் சிறுவன்

ரபௌஸ்கி 1950ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். ஃபிரீமன் என்றால் ‘விடுதலை பெற்ற மனிதன்’ என்று பொருள். அக்குடும்பத்தில் அடிமையாக அன்றி, சுதந்திர மனிதராகப் பிறந்த முதல்வர் அவருடைய பாட்டனார். அதன் நினைவாகவே அப்பெயர் வழிவழியாக வந்தது. தாய் ஆங்கில ஆசிரியை. வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஆனால், அந்நகரில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப்பள்ளி. வெள்ளையர் பள்ளிகள் பயன்படுத்திக் கழித்த பழைய பாடநூல்களே அங்கு வந்து சேர்ந்தன.

1963ஆம் ஆண்டு பெற்றோருடன் தேவாலயத்திற்குச் சென்ற சிறுவன், பின்வரிசையில் அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். முன்னால் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். குழந்தைகளும் அமைதிப் போராட்டத்தில் கலந்துகொண்டால் அவர்களுக்கு நல்ல பள்ளிகள் கிடைக்கும் என்று அவர் சொன்னபோது சிறுவன் தலையை நிமிர்த்தினான். பேசியவர் மார்ட்டின் லூதர் கிங். போராட்டத்தில் கலந்துகொள்ள அனுமதி கேட்ட மகனுக்குப் பெற்றோர் முதலில் மறுத்தனர். ஓர் இரவு முழுவதும் சிந்தித்த பின்னரே இசைந்தனர். அவ்வாண்டு மே மாதம் பர்மிங்காமின் தெருக்களில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் அணிவகுத்தனர். அவர்கள் மீது காவல்துறை நாய்களை ஏவியது. தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பாய்ச்சியது. பன்னிரண்டு வயது ரபௌஸ்கி ஐந்து நாள்கள் சிறையில் இருந்தார்.

கணக்கின் மீதிருந்த காதலும், நல்ல வகுப்பறையில் அமரும் உரிமைக்காகச் சிறை சென்ற நினைவும் அவர் வாழ்வில் பின்னர்ப் பிரியவே இல்லை. பத்தொன்பது வயதில் பட்டம் பெற்று, கணிதத்தில் மேற்படிப்பிற்காக இல்லினாய் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவரைத் தடுத்து நிறுத்தக் காவலர் எவரும் இல்லை. கதவு திறந்தே இருந்தது. ஆயினும், கணித வகுப்பில் சுற்றிலும் பார்த்தால் தம்மைப் போன்றவர் எவரும் இல்லை. ஐயம் வந்தால் யாரிடம் கேட்பது, கேட்டால் என்ன நினைப்பார்கள் என்னும் தயக்கம் தொடர்ந்தது. சட்டத்தால் திறக்கப்பட்ட கதவிற்கு உள்ளேயும் ஒரு தனிமை இருக்க முடியும் என்பதை அவர் அங்கே கண்டார்.

தனியே படித்தவர்கள்

ஏறத்தாழ அதே பத்தாண்டில், அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், யூரி டிரைஸ்மன் என்னும் ஆய்வு மாணவர் ஒரு புதிரை ஆராய்ந்துகொண்டிருந்தார். முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர் பலர் தோற்றனர். சீன வழி வந்த மாணவர் பெரும்பாலும் சிறந்து விளங்கினர். இதற்குக் காரணம் என்ன என்று டிரைஸ்மன் பேராசிரியர்களைக் கேட்டார். முனைப்புக் குறைவு, பள்ளிப் பயிற்சியின் போதாமை, குடும்பத்தின் ஊக்கமின்மை, வறுமை ஆகிய நான்கையே மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நான்கும் மாணவரிடத்திலேயே குறை காண்பவை. நான்கில் ஒன்றுகூட வகுப்பறையைப் பற்றியது அன்று.

டிரைஸ்மன் இவ்விடைகளோடு நிற்கவில்லை. இரு பிரிவிலும் இருபது இருபது மாணவரைத் தேர்ந்து, பதினெட்டு மாதங்கள் அவர்கள் எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்று உடனிருந்து கவனித்தார். பேராசிரியர் சொன்ன நான்கு காரணங்களும் ஒவ்வொன்றாகப் பொய்த்தன. கறுப்பின மாணவர் முனைப்போடு படித்தனர். அவர்களுள் பலர் தத்தம் பள்ளியில் முதல்வராக விளங்கியவர்கள். பெற்றோர் அவர்கள் கல்விக்காகப் பெரும்பாடுபட்டனர். வேறுபாடு வேறோரிடத்தில் இருந்தது. அவர்கள் தனியே படித்தனர். இருபதின்மருள் பதினெட்டுப் பேர் வகுப்புத் தோழர் எவரோடும் சேர்ந்து படித்ததே இல்லை. ஒரு மணி நேர வகுப்பிற்கு இரண்டு மணி நேரம் வீட்டில் படிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. அவ்வாறே வாரத்திற்கு எட்டு மணி நேரம் அறையைத் தாழிட்டுக்கொண்டு படித்தனர்.

சீன வழி மாணவரும் தனியே படிக்கவே செய்தனர். ஆனால், மாலையில் ஒன்றுகூடித் தத்தம் விடைகளை ஒப்பிட்டனர். ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினார். ஒரு கணக்கு எவருக்குமே வரவில்லை என்றால், கடினமானது கணக்குதான் என்று அனைவரும் அறிந்தனர். தனியறையில் இருந்தவருக்கோ அதை அறியும் வழி இல்லை. கணக்கு வராதபோது, குறை தன்னிடமே உள்ளது என்று முடிவு கட்டினார். பள்ளிக்காலத்தில் பிறரை எதிர்பாராமல் தனித்து முயன்றதே அவரை உயர்த்தியிருந்தது. கல்லூரியில் அப்பண்பே அவரைத் தாழ்த்தியது. இதில் வருந்தத்தக்கது என்னவெனில், அறிவுரைப்படி நடந்தவரே தோற்றார் என்பதுதான்.

இதற்கு மாற்றாக டிரைஸ்மன் அமைத்த பயிற்சிக் கூடங்களில் பின்தங்கியோருக்கான எளிய பாடங்கள் இல்லை. வழக்கமான வகுப்பைக் காட்டிலும் கடினமான கணக்குகள் தரப்பட்டன. அவற்றைக் குழுவாகத் தீர்க்க வேண்டும். சிறப்புத் தகுதி உடையோருக்கான வகுப்பு என்றே அவற்றிற்குப் பெயர். ‘உனக்கு உதவி தேவை’ என்று ஒரு மாணவனை அழைப்பதற்கும், ‘உன்னால் இது முடியும், வா’ என்று அழைப்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. முதலாம் அழைப்பு அவன் வெளியாள் என்பதை நினைவூட்டுகிறது. கறுப்பின மாணவரின் தேர்ச்சி இக்கூடங்களால் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது.

பத்தொன்பது பேர்

ரபௌஸ்கி 1987இல் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் பணியில் சேர்ந்தார். 1966இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், தொடக்கம் முதலே எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்திருந்தது. ஆயினும், அறிவியல் பாடங்களில் கறுப்பின மாணவர் நிலை கவலைக்குரியதாகவே இருந்தது. அவர்கள் நிருவாகத்தை எதிர்த்து உள்ளிருப்புப் போராட்டங்களும் நடத்தினர். பால்டிமோரைச் சேர்ந்த வள்ளல் இராபர்ட் மேயர்ஹாஃப் என்பவருக்கு வேறொரு கவலை இருந்தது. தொலைக்காட்சியில் கறுப்பின இளைஞர் விளையாட்டு வீரராகவோ கைவிலங்குடனோ மட்டுமே தோன்றுகின்றனரே என்று அவர் வருந்தினார். இருவர் கவலையும் இணைந்ததில் 1988இல் மேயர்ஹாஃப் மாணவர் திட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு பத்தொன்பது கறுப்பின இளைஞர் முதல் அணியாகச் சேர்ந்தனர். 1990 முதல் மாணவியரும் சேர்ந்தனர்.

உதவித்தொகை வழங்கும் திட்டங்கள் அந்நாட்டில் ஏராளம். பணத்தைக் கொடுத்துவிட்டு மாணவனை விட்டுவிடுவது அவற்றின் இயல்பு. இத்திட்டம் பணத்தோடு நிற்கவில்லை. கல்லூரி தொடங்குவதற்கு முந்திய கோடையிலேயே மாணவர் அனைவரும் ஆறு வாரங்கள் வளாகத்தில் ஒன்றாகத் தங்கினர். ஒன்றாக வகுப்பிற்குச் சென்று, ஒன்றாகப் படித்து, ஒன்றாக உண்டனர். முதல் வரிசையில் அமர வேண்டும், தெரியாததைக் கேட்க வேண்டும், குழுவாகப் படிக்க வேண்டும் என்பவை நல்லுரைகளாக அன்றி நடைமுறை விதிகளாகவே இருந்தன. தன் பாடத்தில் மட்டும் ஒருவர் தேர்ந்துவிட்டால் போதாது. அணியில் ஒருவர் தடுமாறினால் மற்றவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். பெற்றோரும் கூட்டங்களுக்கு அழைக்கப்பட்டனர். முதலாண்டு அறிவியல் பாடத்தில் ‘சி’ தரம் பெற்றவர் தேர்ச்சி பெற்றவரே எனினும், அப்பாடத்தை மீண்டும் படிக்குமாறு அறிவுறுத்தப்பட்டார். அடித்தளம் வலுவாக இல்லாமல் மேலே அனுப்புவது இரக்கம் போலத் தோன்றினாலும், பின்னால் அதுவே கைவிடுதலாக முடியும் என்பது திட்டத்தை நடத்தியோரின் கருத்து.

வினாக் கேட்கும் பழக்கத்திற்கு ரபௌஸ்கி பெருமதிப்பு அளித்தார். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஐசிடோர் ராபியின் தாய், பள்ளியிலிருந்து திரும்பும் மகனிடம் ‘இன்று என்ன கற்றாய்’ என்று கேட்பதில்லையாம்; ‘இன்று நல்ல வினா ஒன்றைக் கேட்டாயா’ என்று கேட்பாராம். இச்செய்தியை ரபௌஸ்கி பல மேடைகளில் எடுத்துரைத்தார். எவ்விடத்தில் ஒருவன் அஞ்சாமல் வினாக் கேட்கிறானோ அவ்விடத்தைத் தனதாகக் கொண்டுவிட்டான் என்பதை அறிய வேறு அளவுகோல் தேவையில்லை.

பேராசிரியரின் பங்கு இல்லாமல் இவற்றுள் எதுவும் நிலைத்திருக்க முடியாது. எச்.ஐ.வி. நுண்ணுயிரின் அமைப்பை ஆராயும் வேதியியலாளர் மைக்கேல் சம்மர்ஸ், இளநிலை மாணவரையே தம் ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டார். குடுவை கழுவும் பணியாளராக அல்லாமல், உண்மையான ஆய்வில் பங்காளராக அவர்கள் அமர்ந்தனர். ஆய்வு மேசையில் தனக்கென ஓர் இடமும் ஒரு பொறுப்பும் உள்ள மாணவன், ‘நான் இங்கே இருக்கத் தகுதி உடையவனா’ என்று நாள்தோறும் தன்னையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

1990களின் நடுவில் ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. மேரிலாந்தில் கறுப்பின மாணவருக்கு மட்டும் வழங்கப்பட்ட மற்றோர் உதவித்தொகை அரசமைப்புக்கு முரணானது என்று 1994இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக 1996 முதல் மேயர்ஹாஃப் திட்டம் எல்லா இன மாணவருக்கும் திறக்கப்பட்டது. திட்டத்தின் உயிர்நாடி அறுந்துவிடும் என்று அஞ்சியவர் உண்டு. அவ்வாறு நிகழவில்லை. அறிவியலில் பின்தங்கிய சமூகங்களின் முன்னேற்றத்தில் அக்கறை கொண்டவர் எவராயினும் வரலாம் என்று நோக்கத்தை வைத்துச் சேர்க்கை நடந்தது. ஒருவருக்கொருவர் பொறுப்பு என்னும் விதி அனைவரையும் பிணைத்தது. திட்டத்தில் இடம் கிடைத்தும் வேறு பல்கலைக்கழகங்களுக்குச் சென்றுவிட்டவரோடு ஒப்பிட்டபோது, திட்டத்தில் பயின்றவர் அறிவியல் முனைவர் பட்டப் படிப்பிற்குச் செல்வது ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதி என்று ஆய்வுகள் காட்டின. தகுதியில் இரு சாராரும் ஒத்தவர்கள். வேறுபட்டது அவர்கள் பயின்ற சூழல்.

ஒரு மணி நேரமும் ஓர் ஆண்டும்

இத்திட்டத்தின் மீது நேர்மையான ஒரு வினாவை எழுப்பலாம். பள்ளியிலேயே சிறந்து விளங்கிய சிலரைத் தேர்ந்தெடுத்துப் பேணுவதால், தேர்ந்தெடுக்கப்படாத ஆயிரக்கணக்கானோருக்கு என்ன பயன்? அவ்வளாகமும் இவ்வினாவைத் தவிர்க்கவில்லை. முதலாண்டு வேதியியலில் எல்லாப் பிரிவு மாணவரும் மிகுதியாகத் தோற்றதை எண்ணிக்கைகள் காட்டின. 2005இல் அப்பாடத்திற்கெனப் புதிய கற்றல் கூடம் ஒன்று அமைக்கப்பட்டது. விரிவுரையைக் கேட்டு எழுதும் முறைக்கு மாறாக, நால்வர் நால்வராக மேசைகளில் அமர்ந்து சிக்கல்களைத் தீர்த்தனர். நால்வருக்கும் வெவ்வேறு பொறுப்பு. வாரங்கள் செல்லச் செல்லப் பொறுப்புகள் மாறின. வாய் திறவாமல் ஒதுங்கியிருக்க எவராலும் முடியாது. தேர்ச்சி உயர்ந்தது, வேதியியலை முதன்மைப் பாடமாக எடுப்போரும் பெருகினர். பத்தொன்பது பேருக்காகக் கண்ட வழி, நூற்றுக்கணக்கானோர் அமரும் வகுப்பிற்கும் வந்து சேர்ந்தது.

ஓரிடத்தில் தான் ஏற்கப்படுகிறோமா என்னும் ஐயம் படிப்பை எவ்வளவு பாதிக்கும் என்பதை உளவியலாளரும் அளந்துள்ளனர். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு புகழ் பெற்றது. ‘இங்கே எனக்கு இடமில்லையோ’ என்னும் கவலை முதலாண்டில் எல்லாருக்கும் வருவதுதான், நாளடைவில் அது நீங்கிவிடும் என்று மூத்த மாணவர் கூறியவற்றைப் புதுமுக மாணவர் படித்தனர். அதைப் பற்றித் தாமும் எழுதினர். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயிற்சி அது. அதன் விளைவாக, கறுப்பின மாணவருக்கும் வெள்ளையின மாணவருக்கும் இடையிலிருந்த மதிப்பெண் இடைவெளி அடுத்த மூன்றாண்டுகளில் பாதியாகக் குறைந்தது.

ஒரு மணி நேரத்தில் முடியும் மருந்து என்றால் நிருவாகங்களுக்கு மகிழ்ச்சிதான். செலவும் இல்லை, எதையும் மாற்ற வேண்டியதும் இல்லை. ஆனால், 22 கல்வி நிறுவனங்களில் 26,911 மாணவரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளிவந்த பேராய்வு இம்மகிழ்ச்சிக்கு அணையிட்டது. எந்த வளாகத்தில் அம்மாணவர் பிரிவினர் உண்மையிலேயே ஏற்கப்படுவதற்கான வாய்ப்பு இருந்ததோ, அங்கு மட்டுமே அப்பயிற்சி பயன் தந்தது. வாய்ப்பே இல்லாத வளாகத்தில், ‘உனக்கும் இடமுண்டு’ என்னும் சொல் வெறும் சொல்லாகவே நின்றது. கவலை மாணவரின் உள்ளத்தில் இருந்தாலும் அதன் காரணம் வெளியே இருக்கக்கூடும். வெளியே இருப்பதை மாற்றும் அதிகாரம் மாணவரிடம் இல்லை, தலைமையிடமே உள்ளது.

தலைமை என்னும் பணி

மக்களை மையமாகக் கொண்ட தலைமை என்றவுடன், எல்லாரிடமும் இன்முகம் காட்டும் தலைவர் ஒருவரே பலரின் நினைவிற்கு வருகிறார். ரபௌஸ்கி வளாகத்தில் நடந்து செல்கையில் மாணவரை நிறுத்திப் பேசுவார். என்ன படிக்கிறாய், எப்படிப் போகிறது என்று கேட்பார். அது மெய்தான். ஆனால், இன்முகம் மட்டுமே போதுமாயின், அவர் ஓய்வு பெற்ற நாளில் எல்லாம் ஓய்ந்திருக்கும். வேறு இருவரோடு இணைந்து 2019இல் அவர் வெளியிட்ட நூல் வேறொன்றை வலியுறுத்துகிறது. தலைமை என்பது ஒருவரிடம் குவிந்திருப்பது அன்று. பேராசிரியர், அலுவலர், மாணவர் எனப் பலரிடமும் பரவியிருக்க வேண்டியது. நிறுவனம் தன்னையே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளத் தயங்கக் கூடாது என்கிறது அந்நூல். எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதோடு, யார் எந்தப் பாடத்தில் தவறினர், யார் சொல்லாமல் வெளியேறினர் என்பதையும் எண்ணிப் பார்க்கும் துணிவு அதற்கு வேண்டும்.

எதைக் கொண்டாடுகிறோம் என்பதும் தலைமையின் முடிவே. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கால்பந்து அணிக்குக் கிடைக்கும் ஆரவாரம் பெரிது. பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் அத்தகைய ஆரவாரம் சதுரங்க அணிக்குக் கிடைத்தது. நூலகத்தில் நெடுநேரம் அமர்ந்திருப்பதை நகைப்பிற்கு உரியதாகக் கருதிய பள்ளிகளிலிருந்து வந்த மாணவருக்கு, அறிவை வெளிப்படையாகப் போற்றும் ஓரிடம் கிடைத்தது எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேயர்ஹாஃப் திட்டத்தில் பயின்ற ஜெரோம் ஆடம்ஸ் 2017இல் அமெரிக்க நாட்டின் தலைமை மருத்துவ அறுவை அதிகாரியானார். 2008இல் பட்டம் பெற்ற கிஸ்மேகியா கார்பெட், நோய்த்தடுப்பு அறிவியலாளராகி, கொரோனா பெருந்தொற்றின்போது மாடர்னா தடுப்பூசியின் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய அரசு ஆய்வுக் குழுவில் இடம்பெற்றார்.

ரபௌஸ்கி ஓய்வு பெற்ற 2022ஆம் ஆண்டு, ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனம் அவர் பெயரால் 150 கோடி டாலர் மதிப்பில் இருபதாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. சிறந்த ஆய்வு செய்யும் இளம் அறிவியலாளர் என்பது மட்டும் அதில் தேர்வு பெறப் போதுமானதாக இருக்கவில்லை. எப்பின்னணியிலிருந்து வந்தவரும் வளரக்கூடியதாகத் தம் ஆய்வகத்தை நடத்துபவர் என்பதையும் காட்ட வேண்டியிருந்தது. 2023இல் முதல் அணியாக 31 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் கிஸ்மேகியா கார்பெட்டும் ஒருவர்.